முற்றத்தில் விமானம் கட்டலாமா?

1910 மார்ச் மாதம் சென்னைத் தீவுத்திடலில் ஓட்டல் முதலாளி ஒருவர் விமானம் ஓட்டிக் காட்டினார். பெயர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ். மவுண்ட் ரோட்டில் இருந்த அவருடைய ஓட்டலுக்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர். முந்தைய ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்திருந்தார். அந்தச் செய்தி இவரைச் சும்மா இருக்கவிடவில்லை. தாமே ஒரு வடிவம் போட்டு, சிம்ப்ஸன் கம்பெனியில் கொடுத்து, விமானத்தைச் செய்து வாங்கினார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு ஊருக்கு நடுவில் கொண்டுவந்து ஜனங்களுக்குக் காட்டினார்.

சிம்ப்ஸன் விமானம் செய்கிற கம்பெனி அல்ல. 1840 முதல் குதிரை வண்டி செய்துவந்த பட்டறை. 1903-இல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டியிருந்தார், அவ்வளவுதான் முன் அனுபவம். ஆனால் மரச்சட்டத்தை வளைக்கவும், பூண் போடவும், துணியை இழுத்துத் தைக்கவும் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. அன்றைய விமானத்துக்கு வேண்டியதும் இன்ஜின் நீங்கலாக ஏறக்குறைய அதுதான்.

யாரிடம் அனுமதி வாங்கினார்? வாங்கச் சொல்லும் சட்டமே அப்போது இல்லை. இந்திய ஏர்ஷிப் சட்டம் வந்தது 1911-இல். மனிதர் பறந்து முடித்த மறு ஆண்டு அரசு விழித்துக்கொண்டது.

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். இங்கே ஒருவர், வசதியும் பொறுமையும் உள்ளவர், வீட்டிலேயே ஒரு சிறு விமானம் கட்ட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி'ஏஞ்சலிஸுக்குக் கடினமாக இருந்ததெல்லாம் இன்று பெட்டியில் அடைத்து விற்பனைக்குக் கிடைக்கிறது: நிரூபிக்கப்பட்ட வடிவம், அளவாக வெட்டிய தகடு, நம்பக்கூடிய இன்ஜின், படிப்படியாகச் சொல்லும் கையேடு. அவர் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க வேண்டாதவைதான் இன்றைய ஆளைச் சாய்க்கின்றன. எங்கே வைப்பது, எந்தப் பெட்ரோல் ஊற்றுவது, யார் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது, எந்த ஓடுபாதையில் சக்கரம் உருளலாம். இந்த நூறு ஆண்டுகளில் சிரமம் கையை விட்டுக் காகிதத்துக்கும் காலி மனைக்கும் இடம் மாறிவிட்டது.

புதுச்சேரியை வைத்து இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் விமானம் கட்டும் பித்து பிரான்ஸில்தான் முதலில் ஊர் நோயாகப் பரவியது. பாரீஸில் வாழ்ந்த பிரேசில்காரர் சாந்தோஸ் துமோன், 'தெமுவாசல்' என்ற தம் குட்டி விமானத்தின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய அலை 1930-களில் வந்தது. ஆன்ரி மிஞே என்பவர் 1933-இல் 'பூ-து-சியேல்' என்ற சிறு விமானத்தைப் பறக்கவிட்டு, அடுத்த ஆண்டே அதை எப்படிக் கட்டுவது என்று புத்தகமும் போட்டார். மரம், துணி, ஆணி, பசை, மோட்டார் சைக்கிள் இன்ஜின் போல ஒன்று. காலால் மிதிக்கும் கட்டுப்பாடு கிடையாது. கையில் ஒரு தடி மட்டும். பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் ஏராளமான பேர் கொட்டகையிலும் வண்டிச் சாவடியிலும் அதைக் கட்டினார்கள். புதுச்சேரியில் அப்போது பறந்ததும் அதே பிரெஞ்சு மூவர்ணக் கொடிதான்.

அந்த அலை எப்படி முடிந்தது என்பதை இன்று கட்ட நினைப்பவர் கட்டாயம் படிக்க வேண்டும். பூ-து-சியேலில் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் மிக நெருக்கம். மூக்கு ஓரளவுக்கு மேல் தாழ்ந்துவிட்டால், நிமிர்த்துவதற்காக ஓட்டுபவர் தடியை இழுப்பார். முன்னிறக்கையின் பின்விளிம்பு தாழும். இரண்டு இறக்கைகளுக்கும் இடையே பாயும் காற்று பின்னிறக்கையை இன்னும் தூக்கிவிடும். மூக்கு மேலும் கவிழும். தலைகீழாக விழுந்து பலர் இறந்தார்கள். இரு நாடுகளிலும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. 1936-இல் தடை வந்தது. கட்டியவர்கள் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார்கள். பிழை வரைபடத்தில் இருந்தது. ஆகவே சொந்தமாக வடிவம் போடும் ஆசையை முதல் விமானத்தில் அடக்கிக்கொள்வது நல்லது. நூற்றுக்கணக்கில் பறந்து, விழுந்து, திருத்தப்பட்ட வடிவத்தையே வாங்க வேண்டும். 'கொஞ்சம் மாற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே' என்று கை அரிக்கும். கையைக் கட்டிப்போடுங்கள்.

அப்படி வாங்கும் பெட்டிக்குள் இன்று என்ன இருக்கிறது? அமெரிக்காவின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்.வி. வகை விமானங்கள் உலகில் 11,000-க்கு மேல் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. பழைய தலைமுறை கட்டுநர் ஒவ்வொரு ரிவெட் துளையையும் தாமே அளந்து குறிக்க வேண்டும். சட்டகம் செய்து, தகட்டை அதில் நிறுத்தி, நூல் பிடித்துத் துளை போட வேண்டும். ஒரு துளை தப்பினால் தகடு குப்பைக்குப் போகும். இன்றைய பெட்டியில் கணினி இயந்திரம் துளையிட்ட தகடுகள் வருகின்றன. இரண்டு தகட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் துளைக்கு நேர் துளை வந்து உட்காரும். துளைகள் சரியாகப் பொருந்தினாலே இறக்கை நேராக இருக்கிறது என்று அர்த்தம். வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் முழுக்கக் குறையவும் கூடாது. 'அமெச்சூர் கட்டுமானம்' என்ற சலுகை வேண்டுமென்றால் பெரும்பகுதி வேலையைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கம்பெனிக்காரர்கள் 49 சதவீதம் வரை செய்து கொடுத்து, மீதியை நம் தலையில் கட்டுவார்கள்.

கம்பெனியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. இதே வான்ஸ், அவசரத்தில் சில தகடுகளுக்கு லேசரால் துளை போட்டது. ரிவெட் தலை உட்காருவதற்காக அந்தத் துளையைக் குழித்தபோது விளிம்பில் விரிசல் விட்டது. மாற்றித் தர வேண்டிய தகடுகளும் மற்ற நஷ்டங்களும் சேர, 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பிறகு மீண்டுவிட்டது, விலை ஏற்றத்தோடு. முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களின் அந்த டிசம்பரை நினைத்துப் பாருங்கள். எல்லாப் பெட்டியையும் ஒரே நேரத்தில் வாங்காமல் முதலில் வால் பகுதிப் பெட்டியை மட்டும் வாங்குகிற வழக்கம் உலகெங்கும் இருப்பது வீண் இல்லை. பணம் குறைவாக மாட்டிக்கொள்ளும். நமக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

சரி, பெட்டி சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, சுங்கத்தில் தண்டம் அழுது, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து சேர்கிறது. எங்கே வைப்பது?

வைசியாள் வீதிப் பக்கத்துத் தமிழ் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, தாழ்வாரம், முற்றம், பின்கட்டு என்று ஒரே நீளத்தில் உள்ளே போகும். அகலம் குறைவு. நீளத்துக்குப் பஞ்சமில்லை. இரு ஆள் விமானத்தின் ஓர் இறக்கை கழற்றிய நிலையில் சுமார் 4 மீட்டர் வரும். அதை முற்றத்தில் கிடத்தி வேலை பார்க்கலாம். உடல் பகுதியும் உள்ளே அடங்கும். வெளியே வருமா என்பதுதான் கேள்வி. வாசல் நிலையின் அகலத்தை அளக்காமல் உடலைப் பூட்டியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், சுவரை இடித்தவர்களும் இருக்கிறார்கள். நூற்றாண்டு கண்ட தேக்கு நிலைவாசலைப் பெயர்க்கப் பாண்டியில் எந்தத் தாயார் சம்மதிப்பார்? பழைய நகரத்தைச் சுற்றும் புல்வார் சாலைக்குள் பிரெஞ்சு வீடு வைத்திருப்பவருக்குக் கதவு பெரிது. ஆனால் அந்த வீட்டை ஓட்டலுக்கு வாடகைக்கு விட்டால் கிடைக்கிற பணத்தில் இரண்டு விமானம் வாங்கிவிடலாம். நிதானமாக யோசித்தால் தட்டாஞ்சாவடியிலோ மேட்டுப்பாளையத்திலோ தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். மூன்று முனை மின்சாரம், கம்ப்ரஸர், பக்கத்திலேயே லேத் பட்டறை எல்லாம் அங்கே உண்டு.

சத்தமும் ஒரு விஷயம். திட ரிவெட் அடிக்க இருவர் வேண்டும். ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் தலையில் தட்டுவார், மற்றவர் பின்புறம் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிப்பார். ஒரு விமானத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ரிவெட்டுகள். மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடையடைத்துக் கண்ணயரும் ஊரில் இதை அடித்துப் பாருங்கள், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ வருவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். இழுத்துப் பூட்டும் ரிவெட் வகை விமானங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே ஆள், சிறு கருவி, 'டப்' என்று ஒரு சத்தம்.

சத்தத்தைப் பேசிச் சமாளிக்கலாம். காற்றோடு பேச முடியாது. புதுச்சேரி நகரத்தில் எந்த வீடும் கடலிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. உப்பும் ஈரமும் ஜன்னல் கம்பியைத் தின்னும் வேகம் எல்லோருக்கும் தெரியும். விமானத் தகட்டில் பெரிதும் பயன்படும் 2024 ரக அலுமினியத்தில் தாமிரம் கலந்திருக்கிறது. பலம் அதிகம், ஆனால் உப்புக் காற்றுக்கு இளக்காரம். அதனால்தான் அதன் இருபுறமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்தி விற்கிறார்கள். அந்தத் தோலைக் கீறிவிட்டால் அங்கிருந்து அரிப்பு தொடங்கும். கடலோரத்தில் கட்டுபவர் ஒவ்வொரு தகட்டுக்கும் உட்புறம் பிரைமர் அடிக்காமல் மூடக் கூடாது. 6061 ரக அலுமினியம் பலத்தில் சற்றுக் குறைவு, உப்பைத் தாங்குவதில் மேல். தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் விமானங்கள் அதில்தான் செய்யப்படுகின்றன. பாண்டிக்காரருக்கு என் ஓட்டு 6061-க்கே. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் போல்ட்டும் நட்டும் குவித்து வைத்திருப்பார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும். விமானத்தில் அதில் ஒன்றுகூடப் போடக் கூடாது. விமான போல்ட்டுக்குத் தரச்சான்று உண்டு, காட்மியப் பூச்சு உண்டு, எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு.

மரம் மட்டும் இங்கே தப்பிக்குமா? அந்தக் காலத்து மர விமானங்களை ஒட்டியது பாலின் புரதத்திலிருந்து செய்த கேசின் பசை. ஈரம் பட்டால் இளகும், பூஞ்சை பிடிக்கும். 1944 இறுதியில் இந்தியாவிலிருந்து பறந்த பிரிட்டிஷ் மஸ்கிட்டோ போர்விமானங்கள், ஒட்டுமரத்தில் செய்தவை, நடுவானில் உடைந்து விழவே தரையில் நிறுத்திவைக்கப்பட்டன. தப்பு பசையிலா, ஒட்டியவர் கையிலா, இந்த ஊர் ஈரத்திலா என்று சர்ச்சை நீண்டது. இன்றைய எபாக்ஸிப் பசை எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் ஈரக் காற்றில் இறுகினால் மேலே வழவழப்பாக ஒரு படலம் கட்டும். அதைக் கழுவித் தேய்க்காமல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ரெசின் வேலையை நிறுத்திவிட்டு, மின்கம்பி இழுக்கிற வேலையோ இருக்கை தைக்கிற வேலையோ பார்ப்பது உத்தமம். ஃபைபர் வேலைக்குத் தை முதல் பங்குனி வரை இங்கே நல்ல காலம்.

ஃபைபர் என்றதும் வீராம்பட்டினமும் தேங்காய்த்திட்டும் நினைவுக்கு வரும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகு பெருகியது. அதைச் செய்யவும் ஒட்டுப்போடவும் தெரிந்த கைகளும் பெருகின. விமானம் கட்டுபவர் அவர்களிடம் பாடம் கேட்கலாமா? கேட்கலாம், பாதி வரை. துணியில் காற்றுக் குமிழி இல்லாமல் ரெசினை உருட்டி ஏற்றும் பக்குவத்தை எந்தக் கையேட்டையும்விட அவர்கள் நன்றாகச் சொல்லித் தருவார்கள். ஆனால் படகுக்குப் பாலியெஸ்டர் ரெசின், தூவிய நாரால் ஆன பாய். விமானத்துக்கு எபாக்ஸி, நெய்த கண்ணாடித் துணி. படகில் பலம் போதாவிட்டால் இன்னொரு அடுக்கு போட்டுவிடலாம். விமானத்தில் ஒவ்வொரு கிராம் ரெசினும் நாம் தூக்கிக்கொண்டு பறக்கும் சுமை. இன்னொன்று: அமெரிக்கர் பர்ட் ரூட்டானின் லாங்-ஈஸி போன்ற விமானங்களில் தெர்மாகோல் வகை நுரையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்தில் வெட்டி, அதன்மேல் துணி போர்த்துவார்கள். படகு ரெசினை அந்த நுரைமேல் ஊற்றினால் நுரை கரைந்து குழியாகிவிடும். முதல் நாளே இறக்கை போச்சு.

லாங்-ஈஸிக்கு நம் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வுக்கூடத்தார் 1980-களில் ஃபைபர் விமானத் தொழில்நுட்பத்தைக் கையால் தொட்டுக் கற்க விரும்பினார்கள். அதற்கு அவர்கள் எடுத்தது இதே லாங்-ஈஸிதான். வீட்டுக் கொட்டகையில் கட்டுவதற்காக வரைந்த விமானத்தை ஓர் அரசு ஆய்வுக்கூடம் கட்டி 1987 பிப்ரவரியில் பறக்கவிட்டது. அதில் பழகிய கைகள்தான் பிறகு 'ஹன்சா' பயிற்சி விமானம் வரை போயின. பொழுதுபோக்கை ஏளனமாகப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

அதே பெங்களூரில் இன்னொன்றும் நடந்தது. 1980-இல் ஜோயல் கோஷ்லான் என்ற பிரெஞ்சுக்காரர் ராஜ் ஹம்சா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அலுமினியக் குழாய், மேலே பாய்மரத் துணி, சிறு இன்ஜின். அவர்களுடைய எக்ஸ்-ஏர் விமானங்கள் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்குப் போயின. பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் ஆட்கள் வீட்டுக் கார் ஷெட்டில் அவற்றைப் பூட்டிப் பறந்தார்கள். புதுச்சேரியிலிருந்து ஓர் இரவுப் பயண தூரத்தில் செய்த பெட்டி, கடல் தாண்டித்தான் பிரிக்கப்பட்டது. ஏன் என்று கேட்டால் பதில் காகிதத்தில் இருக்கிறது. அதற்கு முன் பெட்ரோலை முடித்துவிடுகிறேன்.

சிறு விமானங்களுக்கு இன்று அதிகம் போடுவது ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் 912 இன்ஜின். 80 அல்லது 100 குதிரைத்திறன். சாதாரணக் கார் பெட்ரோலில் ஓடும் என்பதே அதன் கவர்ச்சி. விமான நிலையத்துக்குப் போய்த் தவம் கிடக்க வேண்டாம், பங்கில் பிடித்துக்கொள்ளலாம். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அப்படித்தான். ரோடாக்ஸ் அனுமதிக்கும் எத்தனால் 10 சதவீதம். இப்போது நம் பங்குகளில் வருவது 20 சதவீதம் கலந்த இ20. பாண்டியில் பெட்ரோல் மலிவு என்று எல்லைக்கு அப்பாலிருந்து வண்டிகள் வந்து நிரப்பிப்போகும் பெருமை விமானக்காரருக்கு உதவாது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ரப்பர் குழாயை ஊறவைக்கும், வெயிலில் எளிதில் ஆவியாகிக் குழாயை அடைக்கும். காரில் இது நடந்தால் ஓரம் கட்டலாம். மேலே இருக்கும்போது ஓரம் ஏது? மாற்று, விமானப் பெட்ரோல். அது நெடுங்காலம் இறக்குமதிச் சரக்கு. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் செய்த ஏவிகேஸ் 100 எல்எல் என்ற எரிபொருளை அறிமுகப்படுத்தியது. நாட்டிலேயே செய்கிறார்கள் என்பது சந்தோஷம். ஒரு பீப்பாய் வாங்கி, பாதுகாப்பாக வைத்து, தீயணைப்புத் துறைக்குப் பதில் சொல்வது தனிக் கதை.

இனி காகிதம்.

மும்பை விமானி அமோல் யாதவ் 1998-இல் விமானம் கட்டத் தொடங்கினார். கான்திவலியில் தம் குடும்பம் வாழும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றை உருவாக்கினார். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்காக அதைப் பிரித்து இறக்கி, மறுபடி பூட்டி வைத்தபோதுதான் நாடு பார்த்தது. டிஜிசிஏ பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில். பறந்து பார்க்க அனுமதி 2019 அக்டோபரில். பிரதமரும் மாநில முதல்வரும் தலையிட்ட பிறகே விஷயம் நகர்ந்தது. அதற்கு நன்றியாக நரேந்திர மோதி, தேவேந்திர ஃபட்னவீஸ் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'விடி-என்எம்டி' என்று பதிவெழுத்து வாங்கினார். ஒரு குடிமகன் கட்டிய விமானம் பறக்க இத்தனை பெரியவர்கள் வர வேண்டியிருந்தது என்பதையே அந்த எழுத்துகள் எனக்குச் சொல்கின்றன.

இடுக்கி மாவட்டத்துச் சஜி தாமஸ் வேறு மாதிரி. பிறவியிலேயே பேச்சும் செவியும் இல்லாதவர். பள்ளிப் படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து பிடித்த பித்து. அவர் கட்டிய இரு இருக்கை விமானம் 2014-இல் பறந்தது நம் தமிழ்நாட்டில், திருநெல்வேலிப் பக்கம் மணிமுத்தாற்றில் இருந்த ஒரு தனியார் ஓடுதளத்தில். ஓட்டியவர் விமானப்படையில் ஓய்வுபெற்ற அதிகாரி. சஜிக்குக் கை இருந்தது, ஓடுதளம் வைத்திருந்த ஒரு நல்ல மனிதரும் வாய்த்தார். இரண்டாவது வாய்ப்பது அரிது.

இங்கிலாந்தில் வாழும் ஆலப்புழைக்காரர் அசோக் தாமரைக்‌ஷனின் கதையை இவற்றோடு வைத்துப் பாருங்கள். கொரோனா முடக்கத்தில் ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற நான்கு இருக்கை விமானத்தின் பெட்டிகளை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரவழைத்தார். சுமார் 18 மாதம், 1,40,000 பவுண்டு. 2022-இல் பறந்தது. இளைய மகளின் பெயரைச் சேர்த்து 'ஜி-தியா' என்று பெயர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாய், லேசான தொகை இல்லை. ஆனால் பணத்தால் மட்டும் அந்த 18 மாதம் சாத்தியமாகவில்லை. அங்கே இலகு விமானச் சங்கம் என்ற ஆர்வலர் அமைப்பு இருக்கிறது. அரசு தன் சோதனைப் பொறுப்பில் ஒரு பகுதியை அதனிடம் விட்டிருக்கிறது. இறக்கையைத் தகடு போட்டு மூடுவதற்கு முன் சங்கத்தின் ஆய்வாளர் வீட்டுக்கே வந்து, விளக்கடித்துப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையெழுத்திடுவார். தப்பு இருந்தால் அந்த வாரமே தெரிந்துவிடும். பிரான்ஸிலும் போருக்குப் பிறகு தோன்றிய ஆர்.எஸ்.ஏ. என்ற அமைப்பு இப்படித்தான் கட்டுநர்களை வளர்த்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்கள், எத்தனையோ. ஒரே குடும்பத்தில் பாரீஸ் புறநகரில் இருக்கும் தம்பி வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டலாம். முத்தியால்பேட்டை அண்ணன் டில்லிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூ-து-சியேல் கதையைச் சொன்னவன் அப்படிச் சொல்ல முடியாது. தலைக்கு மேல் பறப்பது யார் தலையிலும் விழக் கூடாது. ஆனால் 1934 விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி முதல் பாரதிய வாயுயான் அதிநியம் நடைமுறைக்கு வந்த பிறகும், ஒரு கொட்டகைக்கு வந்து பார்க்கும் ஆய்வாளர் என்ற ஏற்பாடு நமக்கு அமையவில்லை. பெரிய கம்பெனிக்கான படிவத்தையே தனி ஆளும் நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே கட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதல் ரிவெட்டிலிருந்தே தேதி போட்டுப் படம் எடுத்து, ஒரு பதிவேடு வைக்க வேண்டும். எந்தப் போல்ட், எந்தத் தொகுதி, எவ்வளவு முறுக்கினோம் என்பது வரை. மூடிய இறக்கைக்குள் என்ன இருக்கிறது என்று பின்னாளில் யாராவது கேட்டால் அந்தப் பதிவேடு மட்டுமே சாட்சி. விமானம் கட்டத் தொடங்குமுன் ஓட்டக் கற்றுக்கொள்வதும் நல்லது. முடித்த பிறகு கற்கலாம் என்று இருப்பவர், முதல் பறத்தலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வெயிலில் நின்று பார்ப்பார்.

ஓடுபாதை? லாஸ்பேட்டையில் இருக்கிறதே என்பார்கள். சுமார் 1500 மீட்டர். சிறு விமானத்துக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. அங்கே குட்டிப் பயிற்சி விமானங்கள் சுற்றிச் சுற்றி இறங்கிய காலம் ஒன்று இருந்தது. லாஸ்பேட்டைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தே வளர்ந்தார்கள். 2013-இல் புதிய முனையமும் பயணிகள் விமானமும் வந்தன. வந்த சேவைகள் நின்றன, மறுபடி வந்தன. 2024 மார்ச்சில் ஸ்பைஸ்ஜெட் நிறுத்தியது, அந்த டிசம்பர் 20 முதல் இண்டிகோ ஏடிஆர் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பறக்கிறது. ஓடுபாதையை நீட்டப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு என்பதால் நிலம் அவர்கள் கொடுத்தால்தான் உண்டு. இந்தக் கணக்கு வழக்குக்கு நடுவில், வீட்டில் கட்டிய ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒருவர் போய் நின்றால் அதிகாரிகள் முகம் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம்.

வடக்கே கல்பாக்கத்தின் மேல் பறக்கத் தடை. 2007 மார்ச்சில் கட்டுநாயக்க விமானத் தளத்தின்மேல் விடுதலைப் புலிகளின் இலகு விமானங்கள் குண்டு வீசிய பிறகு, சோழமண்டலக் கரையில் சிறு விமானம் என்றாலே பாதுகாப்புத் துறையின் பார்வை வேறு. மேற்கே உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. போரின்போது அவசரமாகப் போட்ட இத்தகைய தளங்களில் ஒன்றிரண்டைச் சீராக்கி, சிறு விமானக்காரர்களுக்குத் திறந்துவிட்டால் பெரிய செலவாகாது என்பது என் எண்ணம்.

கட்டி முடித்ததை வைக்கும் இடமும் பெரும் பாடு. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது மரமெல்லாம் வேரோடு படுத்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீட்டுக்குள் தண்ணீர். மூன்று ஆண்டு உழைப்பைத் தரைத்தளக் கார் ஷெட்டில் வைத்திருப்பவருக்கு அந்த இரவு எப்படிப் போகும்? தகரக் கொட்டகை என்றால் கூரை பறந்து விமானத்தின்மேல் விழும். மூலைக்கு மூலை கான்கிரீட் கொக்கி பதித்து, இறக்கையைக் கழற்றி, உயரமான மேடையில் கட்டிவைக்கிற மாதிரி இடம் வேண்டும். இறக்கையைச் சில நிமிடத்தில் கழற்றி மாட்டக்கூடிய ரகத்தை வாங்குவதற்கு இந்த ஊரில் இதுவே போதுமான காரணம்.

அப்படிக் கழற்ற முடிந்தால் இன்னொரு வசதியும் சேர்கிறது. யாதவின் விமானம் கட்டப்பட்டது மும்பையில், பறந்தது முந்நூறு கிலோமீட்டர் தள்ளித் துலேயில். சஜியினுடையது மலையாளக் கரையில் கட்டப்பட்டு மணிமுத்தாற்றில். புதுச்சேரியில் கட்டுவதும் வெளியூரில்தான் முதலில் மேலே போகும். ஆகவே உடலின் நீளத்தையும் வாலின் உயரத்தையும் வாசல் நிலையோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாமல், வீடு மாற்றுகிறவர்கள் பிடிக்கும் 17 அடி ஐஷர் லாரியின் தொட்டியோடும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். இறக்கை இரண்டும் பக்கவாட்டில் நிற்கும்படி மரத் தாங்கி ஒன்று செய்து, பழைய மெத்தை போட்டுக் கட்டுங்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் மது பாட்டில் தேடுகிற தமிழ்நாட்டுக் காவலர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது?" என்பார். டிஜிசிஏ பதிவுக் கடிதத்தின் நகல் ஒன்று டிரைவர் கையில் இருக்கட்டும்.